பெரியவர்களுக்கு இலவச பஸ்: மனுவில் எதைக் கேட்பது?

எங்கள் ஊர் செக்கானூரணிக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாதம் ஒரு தடவை நானும் என் மனைவியும் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்க மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம், அங்கே இறங்கிக் கோரிப்பாளையத்துக்கு இன்னொரு பஸ். திரும்பி வரவும் அதே மாதிரி இரண்டு பஸ். நான்கு தடவையும் கண்டக்டர் இரண்டு சீட்டு கொடுப்பார். அவளுடைய சீட்டுக்குக் காசு இல்லை, என்னுடையதற்கு உண்டு.

இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் காசு கேட்காமல் தன் தங்கச்சி வீட்டுக்கும் திருப்பரங்குன்றம் கோயிலுக்கும் போய்வரத் தொடங்கியதே 2021-க்கு அப்புறம்தான். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பார்த்ததால்தான், வயதான ஆண்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் வேண்டும் என்று மகனிடம் கேட்டு நிற்கும் பெரியவர்களை எங்கள் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத் திடலில், தினமும் பார்க்கிறேன். மகன் இல்லையென்று சொல்வதில்லை. ஆனாலும் கேட்பதற்கே கூச்சப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

போன மாதம் மந்தையில் உட்கார்ந்து பேசும்போது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுப்போம் என்று முடிவானது. எதைக் கேட்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. சென்னை மாதிரி டோக்கன் கேட்போம் என்றார் ஒருவர். பெண்களுக்கு இருப்பது போலவே முழு இலவசம் கேட்போம் என்றார் இன்னொருவர். அரை டிக்கெட் போதும், அதைத்தான் கொடுப்பார்கள் என்றார் மூன்றாமவர். எங்களோடு உட்காரும் ஓய்வு பெற்ற கண்டக்டர் அண்ணன் மட்டும் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “தம்பி, சீட்டுக்குக் காசு யார் கொடுக்குறதுன்னு எழுதாம எதைக் கேட்டாலும் அது பஸ்ஸத்தான் பாதிக்கும். முதல்ல அதை எழுதுங்க” என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் என்பதால் மனுவை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அதற்காக உட்கார்ந்து பார்த்த கணக்கு இது. மற்ற ஊர்க்காரர்களும் இதே மாதிரி மனு எழுத நினைத்தால் உதவட்டும்.

முதலில் இன்றைய நிலைமை. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றதும் கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. பிறகு திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருபவரும் சேர்க்கப்பட்டார்கள். இன்று அதற்குப் பெயர் விடியல் பயணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இலவச பாஸ் உண்டு. ஆக, எங்கள் வெள்ளை போர்டு சாதாரண டவுன் பஸ்ஸில் இன்று காசு கொடுத்து ஏறுவது பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆண்களும், எங்களைப் போன்ற வயதான ஆண்களும்தான். சென்னை மாநகரப் பஸ்களில் 60 வயது தாண்டியவர்களுக்கு 2016 பிப்ரவரியிலிருந்து மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. மதுரைக்கு அது இல்லை.

இலவசம் என்று நாம் சொல்கிறோமே தவிர, டீசல் இலவசமாக வருவதில்லை. பெண்கள் பயணத்துக்கு ஆகும் தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 1,200 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது, 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடியாக நிற்கிறது. அதே பட்ஜெட்டில் மாணவர் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியத்துக்கு 1,857 கோடி. இந்த வளர்ச்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. டவுன் பஸ் பயணிகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக உயர்ந்ததாக 2022 பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் காசு தினமும் சாயங்காலம் டிப்போவுக்கு வந்துவிடும், மானியம் அப்படி வராது. டீசலோ தினமும் போட்டாக வேண்டும்.

இதை ஒரு பஸ், ஒரு நாள் என்று வைத்துப் பார்க்கிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, கணக்கு புரிவதற்காக மட்டும். ஒரு டவுன் பஸ்ஸில் ஒரு நாளைக்கு 600 பேர் ஏறி இறங்குகிறார்கள் என்போம். அதில் 360 பேர் பெண்கள். பாஸ் வைத்திருக்கும் பையன்கள் 40. மீதி 200 ஆண்கள், ஆளுக்குச் சராசரி 10 ரூபாய். கண்டக்டர் பையில் 2,000 ரூபாய். இந்த 200 பேரில் 60 வயது தாண்டியவர்கள் 30 பேர் என்றால், அவர்களை இலவசமாக ஏற்றினால் போவது 300 ரூபாய்.

300 ரூபாய் பெரிதா, சிறிதா? பஸ் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் 40 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 3,680 ரூபாய். டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், பராமரிப்பு எல்லாம் இதற்கு மேலே. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் 300 ரூபாய் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அன்றன்று கைக்கு வரும் 2,000 ரூபாயோடு ஒப்பிட்டால் 15 சதவீதம். நல்ல மனது உள்ளவர்களும் ‘முடியாது’ என்பவர்களும் ஒரே தொகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒருவர் முதல் கணக்கைப் பார்க்கிறார், மற்றவர் இரண்டாவதைப் பார்க்கிறார்.

அப்புறம் இன்னொரு விஷயம். இலவசம் என்றால் 30 பேர் 50 பேராவார்கள். அந்தக் கூடுதல் 20 பேர் மத்தியானம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறினால் செலவு ஒன்றும் கூடாது, காலி சீட்டில் உட்கார்ந்து போவார்கள். காலை எட்டேகால் பஸ்ஸில் ஏறினால் கதை வேறு. பல்கலை நகர் போகிற பிள்ளைகளும், சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் ஏற்கெனவே படியில் தொங்குகிறார்கள். அங்கே கூடுகிற ஒவ்வொரு ஆளும் இன்னொரு பஸ் விட வேண்டிய தேவையைக் கிட்டத்தில் கொண்டுவருகிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டோக்கன்

கணக்குப் போடுகிறவருக்கு டோக்கனைப் போல வசதியானது வேறில்லை. ஆளுக்குப் பத்து, அதற்கு மேல் கிடையாது. மதுரை மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 30.38 லட்சம். மாநிலத்தில் 60 வயது தாண்டியவர்களின் பங்கு 2011-ல் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். அந்தப் பங்கை 30.38 லட்சத்துக்கே வைத்தாலும் நாலு லட்சம் பேர் வருகிறார்கள், அதில் ஆண்கள் சுமார் இரண்டு லட்சம். எல்லோரும் பத்து டோக்கனையும் பயன்படுத்தி, டோக்கனுக்கு 10 ரூபாய் என்றாலும், மாதம் 2 கோடிக்கு மேல் போக வழியே இல்லை. உச்சவரம்பு முன்னாலேயே தெரிகிற திட்டம் இது.

ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அது என்ன கொடுக்கிறது? பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வர நாலு டோக்கன். பத்து டோக்கனில் இரண்டு தடவை போய்வரலாம், மூன்றாவது தடவை போனால் வரக் காசு வேண்டும். சென்னையில் ஒரே பஸ்ஸில் போகிறவருக்குப் பத்து என்பது ஐந்து பயணம், கிராமத்திலிருந்து பஸ் மாறிப் போகிறவருக்கு இரண்டரை. எண்ணிக்கையால் கட்டுப்படுத்தும் எந்தத் திட்டமும் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் குறைவாகக் கொடுக்கும். கூடவே, டோக்கனை வாங்க டிப்போ வரை போக வேண்டும், ரேஷன் கார்டும் ஆதாரும் போட்டோவும் எடுத்துப்போய் வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை நிற்க வைத்துக் கொடுக்கும் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை.

அரை டிக்கெட்

ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அரசு பஸ்களில் 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் 25 சதவீதம் குறைக்கிறார்கள். மகாராஷ்டிரம் இன்னும் மேலே போனது. 65 முதல் 75 வயது வரை பாதிக் கட்டணம், 2022 ஆகஸ்ட் 26 முதல் 75 வயது தாண்டியவர்களுக்கு முழு இலவசம்.

பஸ் நடத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் பாதிக் கட்டணம்தான் நல்லது. என் கணக்கில் அந்த 30 பேர் 36 பேராகி ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் 180 ரூபாய் வருகிறது. நஷ்டம் 120 மட்டும். மெஷினில் அரை டிக்கெட் ஏற்கெனவே இருக்கிறது, கண்டக்டருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். சில்லறைத் தொல்லை மட்டும் கூடும்.

பயணி பக்கம் நின்று பார்த்தால், பத்துக்கும் ஐந்துக்கும் உள்ள தூரத்தைவிட ஐந்துக்கும் ஒன்றுமில்லாததற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. ஐந்து ரூபாயானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அது வாங்குகிறவர்கள் கையில் அந்தப் பணம் பத்தாம் தேதியைத் தாண்டுவதில்லை. அரை டிக்கெட் என்பது ஏற்கெனவே பயணம் செய்கிறவனுக்கு ஒரு தள்ளுபடி. வீட்டிலேயே இருந்துவிடுகிறவனை அது வெளியே கொண்டுவராது.

உதவித்தொகையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன?

இது எங்கள் மந்தையில் கடைசியில் வந்த யோசனை. பஸ்ஸே வராத ஊர்க்காரருக்கு பாஸ் கொடுத்து என்ன பயன், மாதம் 200 ரூபாய் கூடக் கொடுத்தால் ஷேர் ஆட்டோவிலோ மினி பஸ்ஸிலோ போவாரே என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. மினி பஸ்கள் தனியாருடையவை. 2021-ல் வந்த பெண்கள் இலவசத்தில் அவை சேரவில்லை. ஆனால் உதவித்தொகை எல்லாப் பெரியவர்களுக்கும் கிடைப்பதில்லை. கிடைக்கிறவர் வீட்டிலும் அந்த 200 ரூபாய் பேரப்பிள்ளை நோட்டுக்குத்தான் போகும். போகட்டும், தப்பில்லை. ஆனால் அது போக்குவரத்துக்கான பதில் ஆகாது. போக்குவரத்துக் கழகத்துக்கும் அதனால் ஒரு பைசா வராது, பஸ் ஒரு நடைகூட அதிகமாக ஓடாது. இதை நான் ஒதுக்கிவிட்டேன்.

நேரம் பார்த்து இலவசம்

இதுதான் என்னை அதிக நாள் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் 2008 ஏப்ரல் 1 முதல் முதியோருக்கு நாடு முழுவதும் உள்ளூர் பஸ்களில் இலவசம். ஆனால் வார நாட்களில் காலை 9.30-க்கு மேல் இரவு 11 மணி வரைக்கும்தான். நெரிசல் நேரத்தை விட்டுவிட்டு, காலியாக ஓடும் நேரத்தை வயதானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மேலே நான் சொன்ன மத்தியானக் காலி சீட்டுக் கணக்கு அவர்களுடைய ஏற்பாட்டில் அப்படியே இருக்கிறது. கேட்டவுடன் இதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எதற்காக மதுரைக்குப் போகிறார்கள்? பத்தில் ஏழு பேர் ஆஸ்பத்திரிக்கு. ஓ.பி. சீட்டு வரிசை காலை ஏழரை, எட்டுக்கே நீண்டுவிடும். ஒன்பதரைக்கு மேல் எங்கள் ஊரில் பஸ் ஏறினால் கோரிப்பாளையம் போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். மாத்திரை கவுண்டருக்குப் போய்ச் சேரும் முன் அது மூடியிருக்கும். போகும்போது காசு, வரும்போது இலவசம் என்று பாதி உதவிதான் கிடைக்கும். கண்டக்டர் அண்ணன் வேறொன்று சொன்னார். மணி 9.25-க்கு ஏறுகிற பெரியவரோடு படிக்கட்டில் வாக்குவாதம் பண்ண எந்தக் கண்டக்டராலும் முடியாது, அவர் விட்டால் செக்கர் கேட்பார் என்றார். நேரத்தை வைத்துக் கட்டுப்படுத்துவது கணக்கில் அழகாக இருக்கிறது. எங்கள் ரூட்டில் அது நிற்காது.

இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரக் கணக்கு இல்லை. இரண்டு வேறு பாடங்கள் இருக்கின்றன, இரண்டும் நம் மனுவுக்கு மிகவும் தேவை.

ஒன்று, பஸ் நடத்துகிறவருக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பது. அங்கே சட்டம் சொல்வது இதுதான்: இந்தத் திட்டத்தால் பஸ் கம்பெனிக்கு லாபமும் வரக் கூடாது, நஷ்டமும் வரக் கூடாது. என் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன்பு 30 பேர் காசு கொடுத்தார்கள், இப்போது 50 பேர் இலவசமாக ஏறுகிறார்கள். 50 பேருக்கும் முழுக் கட்டணம் அரசு கொடுத்தால் 500 ரூபாய், போனதோ 300. அரசுக்கு 200 ரூபாய் வீண். ஆகவே எத்தனை பயணம் இலவசம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் என்று மதிப்பிட்டு அதற்குத்தான் கட்டணம் கொடுக்கிறார்கள், கூடுதல் ஆட்களால் உண்மையிலேயே செலவு கூடியிருந்தால் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2006-ல் தொடங்கியபோது ஒவ்வொரு இலவசப் பயணத்துக்கும் முழு டிக்கெட் கட்டணத்தில் 73.6 சதவீதம் என்று வைத்தார்கள், பிற்பாடு அதைப் படிப்படியாகக் குறைத்து 60-க்கும் கீழே கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் டெல்லி இதை எளிமையாக்கியது. 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு பிங்க் இலவசச் சீட்டுக்கும் 10 ரூபாய் வீதம் அரசு கொடுத்தது.

சீட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதா, வருஷத்துக்கு ஒரு தொகை என்று மொத்தமாகக் கொடுப்பதா என்பது ஆபீஸ் விஷயம் போலத் தெரியும். ஆனால் வெயிலில் ஸ்டாப்பில் நிற்கும் பெரியவரின் தலையெழுத்தை அதுதான் தீர்மானிக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால், ஏறுகிற ஒவ்வொரு பெரியவரும் டிப்போவுக்குச் சுமைதான். கூடுதலாக ஒருவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பணம் ஒன்றே. ஓட்டமும் கலெக்‌ஷனும் பார்க்கும் ஏற்பாட்டில் அவருக்காக பஸ்ஸை நிறுத்த என்ன தூண்டுதல்? சீட்டுக்கு இவ்வளவு என்றால், முழுக் கட்டணத்துக்குக் குறைவாக இருந்தாலும், அவர் ஏறினால் டிப்போவுக்கு வரவு. வசூலைப் பொறுத்துக் கண்டக்டருக்குக் கிடைக்கும் கலெக்‌ஷன் பேட்டாவிலும் அந்தச் சீட்டு சேர்ந்தால் அவருக்கும் அது வரவு. சீட்டைக் கூட்டிக் காட்டும் ஆபத்து இதில் உண்டு, அதற்குக் கார்டைத் தொட்டுப் பதிவு செய்யும் மெஷின் இருந்தால் போதும்.

இரண்டாவது பாடம் மனதைக் கலக்குவது. அங்கே முதியோர் பாஸுக்கு உள்ளாட்சி பணம் கொடுத்தே ஆக வேண்டும், சட்டக் கட்டாயம். ஆனால் லாபம் இல்லாத கிராம ரூட்டுகளுக்கு உதவுவது கட்டாயம் இல்லை, முடிந்தால் செய்யலாம். 2010-க்கு அப்புறம் உள்ளாட்சிகளுக்குப் பணம் சுருங்கியபோது எதை வெட்டியிருப்பார்கள்? பாஸை வெட்ட முடியாது, ரூட்டை வெட்ட முடியும். கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் நின்றது, பையில் இலவச பாஸ் இருந்தது. தகுதி வயதும் 60-லிருந்து படிப்படியாக உயர்ந்து 2020-ல் 66 ஆனது.

எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு வருவது ஆறு நடை. அதில் இரண்டைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் இலவச பாஸ் கொடுத்தால் யாருக்கு நன்மை?

முழு இலவசம், ஆனால் யாருக்கு

செலவைக் கட்டுக்குள் வைக்க நாலு வழி உண்டு என்று இந்தக் கணக்கு போட்டபோதுதான் எனக்குத் தெளிவானது. எண்ணிக்கையால் கட்டுப்படுத்தலாம், அது டோக்கன். விலையால் கட்டுப்படுத்தலாம், அது அரை டிக்கெட். நேரத்தால் கட்டுப்படுத்தலாம், அது இங்கிலாந்து. வயதால் கட்டுப்படுத்தலாம். முதல் மூன்றும் தூரத்தில் இருப்பவரையும், கையில் காசில்லாதவரையும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரையும்தான் முதலில் தாக்குகின்றன. உதவி அதிகம் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான். வயதால் கட்டுப்படுத்துவது ஒன்றுதான், யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்கு முழுசாகக் கொடுக்கிறது. கண்டக்டர் கார்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். டோக்கன் வரிசை இல்லை, கடிகாரம் இல்லை, சில்லறை இல்லை.

ஆகவே 65 வயது தாண்டிய ஆண்களுக்கு வெள்ளை போர்டு பஸ்களில் நாள் முழுவதும் இலவசம், 60 முதல் 64 வரை அரை டிக்கெட் என்று கேட்கலாம் என்பது என் முடிவு. மகாராஷ்டிரத்தின் அடுக்கு முறைதான், முழு இலவசத்துக்கான வயதைப் பத்து வருஷம் கீழே இறக்கியிருக்கிறேன். 75 வரை காத்திருக்கச் சொல்வது நம் கிராமத்துக்குப் பொருந்தாது. வெயிலில் உழைத்த உடம்பு அறுபத்தைந்திலேயே ஓய்ந்துவிடுகிறது. இதே காரணத்தை வைத்து, 62 வயதில் சித்தாள் வேலையைவிட்டு நின்றவருக்கு ஏன் முழு இலவசம் இல்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கு வயது 64. நான் எழுதும் மனுவில் எனக்கு அரை டிக்கெட்தான் வருகிறது. தொகை கைக்கு அடக்கமாக இருந்தால்தான் அரசாணையாக வரும் என்று நம்புவதால் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

தொகை எவ்வளவு? மாவட்டத்தில் 60 தாண்டிய ஆண்கள் இரண்டு லட்சம் என்று கண்டோம். அதில் 65 தாண்டியவர்கள் 1.25 லட்சம் என்று வைத்து, பாதிப் பேர் மாதம் 12 சீட்டு எடுத்தால், சீட்டுக்கு 10 ரூபாய் வீதம் மாதம் 75 லட்சம், வருஷத்துக்கு 9 கோடி. மீதி 75 ஆயிரம் பேரில் பாதிப் பேர் அதே அளவு அரை டிக்கெட்டில் போனால் இன்னும் 2.7 கோடி. கிட்டத்தட்ட 12 கோடி. மாநில மக்கள்தொகை மதுரை மாவட்டத்தைப் போல 24 மடங்கு என்பதால் மாநிலம் முழுவதும் கொடுத்தாலும் சுமார் 280 கோடியில் நிற்கும். பெண்கள் பயணத்துக்குக் கொடுக்கும் 3,600 கோடியில் எட்டு சதவீதம்கூட இல்லை. என் எண்களை இரண்டு மடங்காகத் தவறாகவே போட்டிருந்தாலும் தாங்கக்கூடிய தொகைதான். பெரியவர்களின் பங்கு வருஷா வருஷம் கூடும் என்பதையும் மறைக்க வேண்டாம், மனுவிலேயே எழுதிவிடலாம்.

திரும்ப என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: பெண்கள் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. பெரியவர்களுக்கு அவ்வளவு வராது, அவர்கள் தினமும் போவதில்லை. அவர்களுக்கு மிச்சமாவது ரூபாயைவிட, மாத்திரை விட்டுப்போகாத மாதங்கள்.

இன்னும் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இந்தச் சலுகையைப் போக்குவரத்துக் கழகம் தன் பையிலிருந்து கொடுக்கும் தயவாகக் கேட்கக் கூடாது. ரயிலில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் 20 அன்று கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை திரும்பவில்லை. நடத்துகிறவர் கணக்கில் செலவாக நிற்கும் சலுகை முதல் நெருக்கடியில் போய்விடும். நம் கழகங்களின் நிலைமையும் சொல்லவே வேண்டாம். ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் நிலுவை அகவிலைப்படியையும் சேர்த்துக் கேட்டு 2024 ஜனவரியில் பஸ் ஸ்டிரைக்கே நடந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அது. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய பெரியவருக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னொரு பெரியவருக்கு இலவசமாக சீட்டுக் கொடுப்பதை எங்களில் யாரும் விரும்பவில்லை. ஆகவே பட்ஜெட்டில் தனித் தலைப்பு, மாதா மாதம் முன்பணம், சீட்டுக்கு இவ்வளவு என்ற விகிதம் எல்லோரும் பார்க்கும்படி வெளியீடு. கண்டக்டர் அண்ணன் கேட்டது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சிலர் இன்னும் ‘பாண்டியன் பஸ்’ என்றுதான் சொல்வார்கள். 1972-ல் டி.வி.எஸ். பஸ்களை அரசு எடுத்து பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது அவர்கள் இளவட்டங்கள். 1997-ல் பெயர் மாறியும் அவர்கள் வாயில் அது மாறவில்லை. அந்த பஸ்ஸில் ஐம்பது வருஷம் காசு கொடுத்துப் போனவர்கள் அவர்கள்.

மனுவை இரண்டு தடவை எழுதி, மூன்றாவது தடவை வரிசையை மாற்றினேன். இலவசத்தை முதல் கோரிக்கையாக வைத்திருந்தேன், இப்போது அது இரண்டாவது. அதற்கான பணம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது மூன்றாவது. மினி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கும் இதே கார்டு செல்லுபடியாகும்படி பின்னால் யோசிக்க வேண்டும் என்பது நாலாவது. முதல் கோரிக்கை இப்படி இருக்கிறது: “எங்கள் ஊருக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் ஆறு நடைகளில் ஒன்றும் குறையக் கூடாது. காலை ஆறே முக்கால் நடை ஓ.பி. நேரத்துக்குள் கோரிப்பாளையம் போய்ச்சேரும்படி ஓட வேண்டும். இதை உறுதி செய்துவிட்டு மற்றவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

கீழே பதினேழு கையெழுத்து, ஆறு கைரேகை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.